கழங்கு முதல் டாரட் வரை: சீட்டு யார் மனசைச் சொல்கிறது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடத்தை முடிக்காமல் விடமாட்டாங்க என்று என்னைப் பற்றி நீங்கள் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். ரிட்டயர் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. அவசரமில்லாதபோது படியுங்கள்.

இந்த ஒரு வருடத்தில் என்னிடம் படித்தவர்களில் நாலைந்து பேர் டாரட் சீட்டைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். ஒருத்தி தினமும் காலையில் மூன்று சீட்டு எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாளாம். இன்னொருத்தியின் மாமியார், “இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நம்ம வழக்கமே இல்லை” என்கிறாராம். ஒரு பையன் (பையன் என்ன, அவனுக்கே நாற்பத்தைந்து வயது) “இது சுத்த மூடநம்பிக்கைதானே டீச்சர், ஒரே வரியில சொல்லுங்க” என்று எழுதியிருந்தான். ஒரே வரியில் சொல்லத் தெரிந்திருந்தால் நான் சரித்திர டீச்சராக ஆகியிருக்க மாட்டேன். எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் டாரட் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

சீட்டுக்கட்டு ஐரோப்பாவுக்குப் போனதே எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்களின் நாட்டிலிருந்துதான். அது 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. கிண்ணம், வாள், காசு, கோல் என்று நாலு சாதிச் சீட்டு. 1440-களில் வட இத்தாலியில், மிலான், ஃபெராரா மாதிரியான ஊர்ப் பிரபுக்களின் அரண்மனைகளில், அந்தக் கட்டோடு படம் போட்ட சில சீட்டுகளைச் சேர்த்து ஒரு விளையாட்டு விளையாடினார்கள். நம் ஊரில் துருப்பு வைத்து ஆடுகிறோமே, அந்த மாதிரி. 56 சாதாரணச் சீட்டும் 22 படச் சீட்டும் சேர்ந்து 78. இதுதான் டாரட். சுமார் முந்நூறு வருடம் அது பெரும்பாலும் விளையாட்டாகவே இருந்தது. பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றைக்கும் ஆடுகிறார்கள்.

அப்புறம் எப்படி அது குறி சொல்லும் சீட்டானது? 1781-இல் பாரிசில் கூர் த ஜெபலின் என்ற அறிஞர், இது பழங்கால எகிப்தியப் பூசாரிகளின் ரகசிய ஞானநூல் என்று எழுதிவிட்டார். ஆதாரம் ஒன்றுமில்லை. எகிப்தியச் சித்திர எழுத்தை அப்போது உலகத்தில் ஒருவராலும் படிக்க முடியாது. ஷம்போலியன் அதைப் படித்துக் காட்டியது 1822-இல். நாற்பது வருடம் முன்னாலேயே ‘எகிப்து சொல்கிறது’ என்று இவர் சொல்லிவிட்டார்! அதைப் பிடித்துக்கொண்டு எத்தெய்யா என்ற பாரிஸ்காரர் நாலு வருடத்தில் டாரட் வைத்துக் குறி பார்க்கும் முறையைப் புத்தகமாகவே போட்டார். அவர் உண்மையான பெயர் அலியெத். எழுத்தைத் திருப்பிப் போட்டுப் புதுப்பெயர் வைத்துக்கொண்டவர்.

இன்றைக்கு நம் பிள்ளைகள் கடையிலும் ஆன்லைனிலும் வாங்கும் கட்டில் பெரும்பாலானவை 1909-இல் லண்டனில் ரைடர் கம்பெனி வெளியிட்ட கட்டின் வாரிசுகள். யோசனை ஆர்தர் எட்வர்ட் வெய்ட் என்பவருடையது. 78 படத்தையும் வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். பத்துச் சீட்டைச் சிலுவை மாதிரி விரித்துப் பார்க்கும் ‘கெல்டிக் கிராஸ்’ முறையைப் பிரபலப்படுத்தியது வெய்ட்டின் புத்தகம். கட்டு உலகமெல்லாம் விற்றது. பமேலாவுக்குக் கிடைத்தது ஒருதரம் கொடுத்த சிறிய கூலி மட்டும். 1951-இல் கடனோடுதான் அந்தம்மா இறந்துபோனார். எதிர்காலம் சொல்லும் சீட்டை வரைந்த கைக்கு அந்தச் சீட்டால் ஒரு எதிர்காலமும் வரவில்லை.

ஆக, ‘ஐயாயிரம் வருடப் பழமை’ என்று யாராவது டாரட் பற்றிச் சொன்னால் நம்பாதீர்கள். நம் ஊர் விஷயத்துக்கும் இதே விதிதான். பழமை என்று சொல்லிவிட்டதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது.

சரி, மாமியார் சொன்னதுக்கு வருவோம். நம்மிடம் இந்த வழக்கம் இல்லையா?

சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது. பத்துப்பாட்டில் சின்னதான முல்லைப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காவிரிப்பூம்பட்டினத்து நப்பூதனார் பாடியது, 103 அடிதான். தலைவன் போருக்குப் போயிருக்கிறான். தலைவி தவிக்கிறாள். வீட்டுக் கிழவிகள் நெல்லும் முல்லைப்பூவும் எடுத்துக்கொண்டு ஊர் எல்லைக்குப் போய், கும்பிட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். யாரோ தற்செயலாகப் பேசும் சொல் நல்ல சொல்லாக வருகிறதா என்று பார்க்க. இதற்கு விரிச்சி என்று பெயர். ஒரு இடைப்பெண், தாயைக் காணாமல் தவிக்கும் கன்றிடம், “உங்கம்மா இப்ப வந்துடுவா” என்கிற பொருளில் ஆறுதல் சொல்கிறாள். போதும்! அவன் வந்துவிடுவான் என்று கிழவிகள் ஓடிவந்து சொல்கிறார்கள். தொல்காப்பியமும் விரிச்சியைப் போருக்குக் கிளம்பும் முன் பார்க்கும் சடங்காகச் சொல்கிறது.

முல்லைப்பாட்டில் நான் மாணவிகளிடம் எப்போதும் கவனிக்கச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. கிழவிகள் நல்ல சொல்லைக் கொண்டுவந்து சொன்ன பிறகும் தலைவியின் கண்ணீர் நிற்கவில்லை. குறி கிடைத்துவிட்டது, துக்கம் போகவில்லை. இரண்டும் வேறு வேறு விஷயம் என்று நப்பூதனாருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது கழங்கு. கழற்சிக்காய் பார்த்திருப்பீர்கள், சாம்பல் நிறத்தில் கோலிக்குண்டு மாதிரி இருக்கும். காதலில் விழுந்த பெண் சோறு இறங்காமல் மெலிகிறாள். அம்மாவுக்குக் காரணம் தெரியவில்லை. வேலனைக் கூப்பிடுகிறாள். அவன் கழங்கை வைத்துப் பார்த்து, “முருகன் அணங்கிவிட்டான், வெறியாட்டு நடத்த வேண்டும்” என்கிறான். தோழிக்குச் சிரிப்பு வருகிறது. ஐங்குறுநூற்றில் கபிலர் ‘வெறிப்பத்து’ என்று பத்துப் பாட்டே இதற்கு ஒதுக்கியிருக்கிறார். கேலி என்னவென்றால், நோய்க்குக் காரணம் அந்த மலைநாட்டுப் பையன். கழங்கு முருகனைக் காட்டுகிறது. கழங்கைப் பார்க்கிறார்களே தவிர, பெண்ணைப் பார்த்து “உனக்கு என்னம்மா?” என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் காலத்துக் குறி எல்லாமே ஏமாற்று என்று முடிவுகட்டுவதற்குள் ஔவையாரின் குறுந்தொகைப் பாட்டு ஒன்றையும் பாருங்கள். 23-ஆவது பாட்டு. இங்கே குறி பார்ப்பவள் அகவன் மகள், அதாவது கட்டுவிச்சி. தெய்வங்களையும் மலைகளையும் பாடிக்கொண்டே குறி பார்க்கிறாள். பாட்டில் தலைவனுடைய மலை தற்செயலாக வருகிறது. உடனே தோழி, அந்த மலையைப் பாடினாயே, அதையே இன்னொரு தரம் பாடு என்கிறாள். அம்மா பக்கத்தில் இருக்கிறாள். “எந்த மலை? யாருடைய மலை?” என்று அவள் கேட்டே ஆகவேண்டும். வீட்டில் வாய்விட்டுச் சொல்லமுடியாத சேதி அந்த இடத்தில் வெளியே வந்துவிடுகிறது.

ஒரே காலம், ஒரே வழக்கம். கழங்கு உண்மையை மூடுகிறது, அகவல் திறந்துவிடுகிறது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இப்போது நம் ஸ்ரீரங்கத்துக்கு வருவோம். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் நாலாம் பத்து முழுக்க ‘கூடல் இழைத்தல்’. கண்ணை மூடிக்கொண்டு மணலில் விரலால் வட்டம் போடுவது. தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து சேர்ந்தால் அவன் வருவான், சேராவிட்டால் இல்லை. சுழிகளைப் போட்டு இரட்டையா ஒற்றையா என்று எண்ணிப் பார்ப்பதும் உண்டு. பலரும் செய்த விளையாட்டுத்தான் அது. ஆண்டாள் அதை எடுத்துக்கொண்டு, நான் யாரை அடைய விரும்புகிறேன் என்பதைப் பாட்டுக்குப் பாட்டு சொல்கிறாள். கூடல் சேர்ந்ததா, சேரவில்லையா? அந்தப் பத்து முழுக்கத் தேடினாலும் அதற்குப் பதில் இல்லை. கேட்பதிலேயே அவள் மனசு முழுக்க வெளிப்பட்டுவிடுகிறது. அந்த ஆண்டாள் கடைசியில் அரங்கனோடு கலந்தது நம் ஸ்ரீரங்கத்தில் என்பது வைணவ மரபு.

திருமங்கையாழ்வாரின் சிறிய திருமடலில் கட்டுவிச்சி வருகிறாள். சுளகில் நெல்லை வைத்துச் சுற்றிப் பார்த்து, இந்தப் பெண்ணுக்கு நோய் செய்தவன் ஆயிரம் பேர் கொண்ட அந்தப் பெருமாள்தான் என்று சொல்கிறாள். அதுவரை கண்டவரெல்லாம் கண்டபடி பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் சொன்ன பிறகுதான் அந்தக் காதலுக்குப் பெயர் கிடைக்கிறது.

பிறகு குறவஞ்சி. திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லியின் கையைப் பார்த்துக் குறத்தி குறி சொல்வதை நீங்கள் பாடத்திலும் படித்திருப்பீர்கள், ஆண்டு விழாவில் ஆடியும் இருப்பீர்கள். குறத்தி அவசரப்பட்டு ஒன்றும் சொல்வதில்லை. தன் மலையைச் சொல்கிறாள், தான் போன ஊர்களைச் சொல்கிறாள், அந்தப் பெண்ணோடு வாயாடுகிறாள். அதற்கப்புறம்தான் கை பார்ப்பது. அந்நியப் பெண்ணிடம் மனசு திறக்க அவ்வளவு நேரம் வேண்டும் என்று கவிராயருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நூலுக்காக அவருக்கு நிலம் கொடுத்தவர் முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர். நம் திருச்சியிலிருந்து ஆண்டவர். அந்த நிலத்துக்குக் ‘குறவஞ்சி மேடு’ என்றே பெயர். ஸ்ரீரங்கம் கோயிலில் அவரும் அவர் குடும்பமும் கைகூப்பி நிற்கும் சிலைகளை அடுத்த தடவை போகும்போது நின்று பாருங்கள்.

நம் காலத்தில் இதெல்லாம் எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை.

கிளி சோசியம் இருந்தது. அம்மா மண்டபம் போகிற வழியிலும் மலைக்கோட்டை அடிவாரத்திலும் கூண்டோடு உட்கார்ந்திருப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெயரைக் கேட்பார், கிளியைக் கூப்பிடுவார். அது குட்டிக் கதவைத் தாண்டி வந்து, அடுக்கியிருக்கும் உறைகளை அலகால் ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளிவிட்டு ஒன்றைக் கொடுக்கும். ஒரு நெல் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். கட்டில் 27 அட்டை, நட்சத்திரக் கணக்கு என்பார்கள். வள்ளி தெய்வானையோடு முருகன், பட்டாபிஷேக ராமர், சனீஸ்வரன். சிலர் கட்டில் மாதாவும் இருப்பார். கேட்கிறவர் எந்த மதமாக இருந்தாலும் ஒரு படம் இருக்க வேண்டுமே! யோசித்துப் பாருங்கள்: படம் போட்ட அட்டை, தற்செயலாக ஒன்று வருவது, அதை வைத்து ஒருவர் உங்கள் கதையைச் சொல்வது. டாரட்டுக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? அங்கே கிளி இல்லை, அவ்வளவுதான்.

பஞ்சாங்கத்தில் ராமர் சக்கரம், சீதை சக்கரம் என்று கட்டம் போட்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண்ணைத் தொட்டு, அதற்குப் பலன் பார்ப்பது. பரீட்சை ரிசல்ட் வருகிற அன்றைக்கு எத்தனை பேர் தொட்டீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

சர்ச்சுகளில் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். அந்த வருடத்துக்கு உனக்கான வசனம் இது என்று அதைப் பர்ஸில் வைத்துக்கொள்வார்கள். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுத்து அச்சிடும் வழக்கம் 1731-லிருந்து இன்றுவரை நடக்கிறது. பாரசீகத்தில் ஹாஃபிஸ் கவிஞரின் திவானைத் திறந்து கண்ணில் படும் கவிதையைக் குறியாக எடுத்துக்கொள்வார்கள். மொகலாய அரண்மனையிலும் அது உண்டு. ஹுமாயூனும் ஜஹாங்கீரும் அப்படிப் பார்த்து, என்ன கேட்டோம், என்ன வந்தது என்று ஓரத்தில் தங்கள் கையால் குறிப்பு எழுதிய பிரதி பாட்னா குதா பக்ஷ் நூலகத்தில் இருக்கிறது. அவ்வளவு பெரிய ராஜாங்கத்தை ஆண்டவனுக்கும் ராத்திரி தூக்கம் வராமல் ஒரு புத்தகத்தைத் திறக்க வேண்டியிருந்திருக்கிறது!

நம் உறையூர் வெக்காளியம்மன் கோயிலை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கூரை இல்லாமல் வானம் பார்த்து உட்கார்ந்திருக்கும் அம்மன். அங்கே சீட்டு எடுப்பது கிடையாது, எழுதுவதுதான். மனசில் இருப்பதை ஒரு தாளில் எழுதி அம்மன் முன்னால் இருக்கும் சூலத்தில் கட்டிவிட்டு வருவார்கள். அம்மன் படித்தாளோ இல்லையோ, எழுதியவர் ஒரு தடவை படித்துவிட்டார். என்ன வேண்டும் என்று நாலு வரியில் எழுத உட்கார்ந்தால்தான், நமக்கே அது சரியாகத் தெரியாது என்பது தெரியும்.

இந்த இடத்தில் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பெரியவர்களுக்குத் தெரியும், சின்னவர்கள் யாரென்று கேட்கவும் வேண்டாம்.

எனக்கு அக்கா முறை. கல்யாணம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. இரண்டு பக்கமும் பெரியவர்களுக்குச் சம்மதம். கடைசியாக ஊர் மாரியம்மன் கோயிலில் பூ வைத்துக் கேட்டார்கள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். சிவப்பு வந்தது. வேண்டாம் என்று அர்த்தம். சம்பந்தம் நின்றுபோனது. வீடே இழவு விழுந்த மாதிரி இருந்தது. அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. பாவம், ஆசைப்பட்டுவிட்டாள் என்று எல்லாரும் பரிதாபப்பட்டார்கள்.

எழுபது வயதுக்கு மேல் ஒருநாள் அக்கா என்னிடம் சொன்னார்: “எனக்கு அந்த இடம் பிடிக்கவே இல்லைடி. பூ எடுக்கும்போது சிவப்பு வரணும் சிவப்பு வரணும்னு வேண்டிக்கிட்டு நின்னேன். வந்ததும் கை காலெல்லாம் நடுங்கிப்போச்சு. வெள்ளை வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சு நினைச்சுத்தான் சாப்பாடு இறங்கலை. என்கிட்ட ஒருத்தரும் கேட்கலையே. பூவைத்தானே கேட்டாங்க.”

இத்தனை வருடம் சரித்திரம் நடத்தியும் வெறிப்பத்து எனக்கு முழுசாகப் புரிந்தது அன்றைக்குத்தான்.

அக்காவுக்குப் பூ நல்லது செய்தது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அது பாதிக்குப் பாதி வாய்ப்பு. வெள்ளை வந்திருந்தால் அதே பூ அவரை வேறு ஒரு வாழ்க்கையில் கொண்டுபோய்த் தள்ளியிருக்கும், அவரும் வாய் திறந்திருக்க மாட்டார். பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்னாலேயே அக்காவுக்குத் தன் மனசு தெரிந்துவிட்டது. எது வரவேண்டும் என்று உள்ளே துடித்தாரே, அதுதான் பதில். அந்த நிமிடம் யாராவது பூவை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்திருக்கலாம்.

டாரட் விரித்து வைத்தால் ‘மனசு தெளிகிறது’ என்று நீங்கள் சொல்வதும் இதுதான் என்று நினைக்கிறேன். சீட்டு வந்ததும் ‘அப்பாடா’ என்று இருக்கிறதா, ‘ஐயோ’ என்று இருக்கிறதா? அந்தச் சத்தம் சீட்டிலிருந்து வருவதில்லை.

சீட்டில் இருப்பது நமக்கென்றே எழுதியது போலத் தோன்றுவதற்கும் காரணம் உண்டு. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். ஒவ்வொருவர் குணத்தையும் தனித்தனியாக ஆராய்ந்து எழுதியதாகச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26! அப்புறம்தான் சொன்னார், எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள், கடையில் விற்கும் சோசியப் புத்தகத்திலிருந்து பொறுக்கிய வரிகள் என்று. ‘வெளியே தைரியமாக இருப்பீர்கள், உள்ளே கவலைப்படுவீர்கள்’ என்று சொன்னால் பொருந்தாத மனிதர் யார்?

எதிர்காலம் சொல்லும் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2010 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் மணி என்ற கிளி காலிறுதி நான்கையும் சரியாகச் சொல்லி உலகப் புகழ் பெற்றது. இறுதிப் போட்டிக்கு நெதர்லாந்து அட்டையை எடுத்தது. ஜெயித்தது ஸ்பெயின். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் கடலூரில் நின்ற இயக்குநர் தங்கர் பச்சான் பிரசாரத்துக்கு நடுவே தென்னம்பாக்கத்தில் கிளி சோசியம் பார்த்தார். வெற்றி என்று வந்தது. வீடியோ பரவியதும் வனத்துறை கிளிகளைப் பறிமுதல் செய்து, சோசியரைக் கைது செய்து எச்சரித்து அனுப்பியது. தேர்தலில் ஜெயித்தது வேறொருவர்.

பச்சைக்கிளியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இறக்கையைக் கத்தரித்து, ஆளுயரம்கூடப் பறக்கவிடாமல் வைத்திருந்த பறவையிடம் நம் விடுதலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தச் சட்டம் சரி. ஆனால் தலைமுறை தலைமுறையாக அதையே நம்பியிருந்த மனிதர்களுக்கு வேறு பிழைப்பு யார் காட்டியது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. அவர்கள் பத்து ரூபாய்க்குச் சொன்னதைக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஆயிரம் ரூபாய்க்குச் சொல்கிறவர்களைத் தேடி எந்தத் துறையும் வருவதில்லை.

கடைசியாகக் குடவோலை. உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. வருடத்தைச் சொல்லாமல் என் பரீட்சையில் ஒருவரும் தப்பித்ததில்லை! குடத்தில் ஓலை போட்டுச் சிறுவனை எடுக்கச் சொன்னார்கள் என்பது மட்டும்தான் எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்கு முன்னால் என்ன செய்தார்கள்? நிலம், சொந்த வீடு, 35 முதல் 70 வயது, படிப்பு என்று தகுதி பார்த்தார்கள். கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினர்களையும் தள்ளினார்கள். யோசிக்க வேண்டியதையெல்லாம் மனிதர்கள் யோசித்து முடித்த பிறகுதான் குடம் வந்தது. தகுதி உள்ளவர்களுக்குள் யார் என்பதை மட்டும்தான் குடத்திடம் விட்டார்கள். சீட்டுக்கு எவ்வளவு வேலை கொடுக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, கேட்டவர்களுக்கு என் பதில்:

1. சீட்டு விரித்துப் பார்ப்பதில் தப்பில்லை. விரிப்பதற்கு முன்னால் வெக்காளியம்மனுக்கு எழுதுவது போல உங்கள் கேள்வியை ஒரு தாளில் எழுதுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

2. ‘என்ன நடக்கும்?’ என்று கேட்காதீர்கள். ‘எனக்கு எதில் பயம்? எதை நான் யாரிடமும் சொல்லாமல் இருக்கிறேன்?’ என்று கேளுங்கள். படத்தைப் பார்த்ததும் முதலில் என்ன தோன்றியதோ அதை எழுதிவையுங்கள். புத்தகத்தில் போட்டிருக்கும் அர்த்தத்தை அப்புறம் பாருங்கள்.

3. அடுத்தவர் மனசில் என்ன இருக்கிறது என்று சீட்டைக் கேட்காதீர்கள். கழங்கு செய்த கோளாறு அதுதான். மகளாக இருந்தாலும், கணவராக இருந்தாலும், பக்கத்தில் உட்கார்ந்து அவர்களையே கேளுங்கள்.

4. உடம்புக்கு டாக்டர், வழக்குக்கு வக்கீல், பணத்துக்குக் கணக்கு. இதில் சீட்டுக்கு வேலை இல்லை. தூக்கமே இல்லாமல், வாழவே பிடிக்காமல் இருந்தால் சீட்டைத் தள்ளிவைத்துவிட்டு மனநல மருத்துவரிடம் போங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

5. சீட்டைக் காட்டிப் பயமுறுத்தி, பரிகாரத்துக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வேலன் ஆடு கேட்டான், இவர்கள் ஜிபே கேட்கிறார்கள்.

மூடநம்பிக்கைதானே என்று கேட்ட பையனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எதிர்காலம் தெரியும் என்று சொன்னால் அது மூடநம்பிக்கைதான், உன் கட்சிதான் நானும். ஆனால் உன் வீட்டில் ஒருவர் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், சிரிப்பதற்கு முன்னால் அவர் என்ன கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டுப் பார். உன்னிடம் கேட்க முடியாததைத்தான் பெரும்பாலும் சீட்டிடம் கேட்டுக்கொண்டிருப்பார்.

உங்கள் வீட்டில் பூ கேட்டது, திருவுளச்சீட்டுப் போட்டது, கிளி சோசியம் பார்த்தது என்று நினைவுகள் இருக்கும். கீழே எழுதுங்கள். எது பலித்தது என்பதைவிட, சீட்டைப் பிரிக்கும் முன் மனசுக்குள் எது வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டீர்கள் என்பதை எழுதுங்கள். அதைப் படிக்கத்தான் எனக்கு ஆசை.

எல்லாரும் நலமாக இருங்கள். மன்னார்புரம் பக்கம் வந்தால் வீட்டுக்கு வராமல் போகாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்